நட்சத்திரக் குறி

மூன்றாம் பதிப்பைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு
நாகர்கோவிலில் பஸ் ஏறினேன்.
குளச்சல் கிளை நூலகத்தில்
கணினிக்குப் போர்த்தியிருந்த பழைய துண்டை
றெஜினாள் அக்கா மடித்து வைத்தார்.
உப்புக்காற்று, என்றார்.
விசைப்பலகையில் 'ழ' ஏற்கெனவே செத்திருந்தது.

சோதனை என்றால் இவ்வளவுதான்:
நான் வாயைத் திறக்கக் கூடாது,
அவர் தடுமாறும் இடத்தை எழுதிக்கொள்ள வேண்டும்.
தடுமாறும்போதெல்லாம் அவர்
என்னைப் பார்த்து மன்னிப்புக் கேட்டார்.
தப்பு உங்களுடையதல்ல, என்னுடையது
என்று சொல்லவும் விதியில் இடமில்லை.

முதல் கோளாறு பத்தே நிமிடத்தில்.
'ஜெறோம்' என்று தேடினால் ஒருவருமில்லை.
நிரல் எழுதியவன் கோவைக்காரன்,
அவனுக்குத் தெரிந்தது 'ரோ' மட்டும்.
எழுதிக்கொண்டேன்: ர, ற சேர்த்துத் தேடுக.

அடுத்தது ஸ்கேனர்.
அசன்கண்ணு அண்ணன் அதைத் துப்பாக்கிபோல் நீட்டி
ஒரே புத்தகத்தை நாலு முறை சுட்டார்.
நாலு பேர் எடுத்துப்போனதாகக் கணக்கு ஏறியது.
"கொள்ளாமே! ஒண்ணு வாங்கி நாலு பேருக்குக் குடுக்கலாம்."
சிரித்தபடியே ரப்பர் முத்திரையைத் தேடி எடுத்தார்,
அது பக்கத்தில் இருந்தால்தான்
அவர் கைக்கு நிம்மதி.

மதியத்துக்குப் பிறகுதான் கவனித்தேன்.
தாமதப் பட்டியல் திரையில் விரிந்ததும்
அக்கா இடது இழுப்பறையைத் திறந்து
ஒரு நோட்டைப் பார்த்தார், மூடினார்.
மறுபடி திறந்தார். மூடினார்.
நாலாவது தடவை விதியை மீறினேன்.
அதுல என்ன அக்கா?
"ஒண்ணுமில்ல பிள்ளே, நம்ம கணக்கு."

நீலப் பேனா.
பெயர், புத்தக எண், 'கடல்' என்று ஒரு சொல்,
எதிரே கரை வந்த தேதி.
ஆழ்கடலுக்குப் போனால் முப்பது நாள், நாற்பது நாள்,
புத்தகமும் ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து போகும்.
பதினாலு நாளில் திருப்பித் தா என்றால்
மீனிடமா கொடுத்தனுப்புவான்?
இவர்களுக்கு அபராதம் போட்டதேயில்லை.
இருபத்திரண்டு வருடமாக
அரசுக்குத் தெரியாத ஒரு சட்டம்
இழுப்பறைக்குள் நடந்துகொண்டிருந்தது.

அங்கேயே உட்கார்ந்து செய்தேன்.
உறுப்பினர் நிலை: நடப்பு, முடக்கம், இனிமேல் கடல்.
புறப்பட்ட நாள். கரை திரும்பும் நாள், உத்தேசமாய்ப் போதும்.
அதுவரை அபராதம் ஓடாது.
இரண்டுக்கும் பக்கத்தில் சிவப்பாய் நட்சத்திரக் குறி,
வெறுமையாய் விட்டால் சேமிக்காது.
பெருமையோடு திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

டெல்மன், சேமி.
சூசைமிக்கேல், சேமி.
பழைய பக்கமொன்றில் விரல் நின்றது.
மரிய வில்பிரட்.
டீசல் இஞ்சின் பழுதுபார்ப்பது பற்றிய புத்தகம்.
கடல்.
எதிரே வெள்ளை.
நாலு கார்த்திகை போய்விட்டது.

கரை திரும்பும் நாளை உள்ளிடவும், என்றது திரை.
அக்கா சுட்டியிலிருந்து கையை எடுத்தார்.
உள்ளிடவும், என்றது திரை.
அந்த வாசகத்தை எழுதியவள் நான்.
'தொலைந்தது' என்று ஒரு பொத்தானும் உண்டு.
காலையில் அதை ஒரே முறையில் கண்டுபிடித்தவர்
இப்போது அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

"அவன் பெண்டாட்டி மாசம் ஒருக்கா வருவா,
பிள்ளைக்குப் படக்கதை எடுக்க.
அவளுக்கும் கார்டு உண்டு. எடுக்கமாட்டா.
அவன் கார்டுலதான்."

அசன்கண்ணு அண்ணன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
கரண்ட் போய் வந்தது. யுபிஎஸ் கீச்சிட்டது.

நிரலில் ஒரே ஒரு சொல்,
'ஆம்' இருந்த இடத்தில் 'இல்லை'.
நட்சத்திரம் போய்விட்டது.
அக்கா அழுத்தினார். சேமித்தது.
நோட்டை எனக்குத் தரவில்லை,
இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

பஸ்ஸில் அறிக்கை எழுதினேன்.
ர, ற. ஸ்கேனர். 'ழ'வுக்கு வேறு விசைப்பலகை.
கடைசியில் எங்கள் அலுவலகப் படிவம்
மாற்றத்துக்கான காரணம் கேட்டது,
பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்.
திங்கள்சந்தை தாண்டியும் அந்தக் கட்டம் காலி.
இரணியலில் ஏறிய கூட்டத்தில் இடிபட்டபடி
'பயனர் கேட்டார்' என்று போட்டேன்.
அவர் கேட்கவேயில்லை.